துண்டு போட்டு மூடிய டப்பா

"சேவிங்ஸ்லயே ஏன்மா போட்டு வச்சிகினு இருக்கற? டெபாசிட்ல போட்டின்னா வட்டி கூட வருமே."

ஆதார் அட்டையை நகல் எடுக்கப் போன இடத்தில் ஜெராக்ஸ் கடை அண்ணன் இப்படிச் சொன்னார். தாளைக் கண்ணாடி மேல் கவிழ்த்து, மூடியைக் கையால் அழுத்திக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே, வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். சனிக்கிழமைக் காலை. கடையில் பட்டா நகலுக்காக ஒருவரும், பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்காக ஒரு பெண்ணும் காத்திருந்தார்கள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"எதச் சொல்றீங்கண்ணா?" என்றேன்.

"அதான்மா, உன் கணக்குல கெடக்குதே" என்று தொகையையும் சொன்னார். ஆயிரத்துக்குக் கீழே இருந்ததை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னார், மரியாதைக்கு.

அந்தத் தொகையை நான் இங்கே எழுதப்போவதில்லை. எதற்கான பணம் என்று மட்டும் சொல்கிறேன். சென்னை நிறுவனம் ஒன்றுக்கு நான் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன். ஒரு மென்பொருள் எங்கெங்கே தடுக்கி விழும் என்று தேடிப் பட்டியல் போடுவதுதான் வேலை. அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் பெங்களூரில் முழுநேரமாகப் படிக்க இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் கட்டணம் கட்ட வேண்டும். கட்டணம், விடுதி, சாப்பாடு, சம்பளம் வராத மாதங்களில் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பங்கு, தீபாவளிக்கு ஊர் வந்துபோகும் பஸ் செலவு எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் அந்தத் தொகை. என் கணினியில் அந்தக் கணக்கு இருக்கும் கோப்பின் பெயர் 'ஒரு வருடம்'.

வீட்டில் சொல்லவில்லை. ஒரு பெண் கையில் பணம் சேர்த்திருக்கிறாள் என்று தெரிந்தால் எங்கள் தெருவில் அதை உடனே சவரனாக மாற்றிப் பார்த்துவிடுவார்கள். அதுவும் வாலாஜா பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்து, ஜாதகம் பொருந்தி, தரகர் வாரத்துக்கு ஒருமுறை அப்பாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்த நேரம். கட்டணத்தைக் கட்டி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

அதுவரைக்கும் என் பக்கத்தில் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருப்பதாக நினைத்தேன். செலவுக் கணக்குக்கு எந்தச் செயலியையும் போனில் ஏற்றவில்லை. அவை கேட்கும் முதல் கேள்வியே 'உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா' என்பதுதான். படிக்கக் கூடாது. என் கணினியில், என் பூட்டில், சாதாரண அட்டவணைதான். அதன் நகல் ஒரு பென் டிரைவில், பென் டிரைவ் காலிப் பெருங்காய டப்பாவில். எடுக்கும்போதெல்லாம் பெருங்காயம் மணக்கும். வங்கியிலிருந்து வரும் செய்தி போனின் முகப்பில் தெரியாது. வங்கிக்குப் பேச வேண்டுமென்றால் மாடிக்குப் போய்விடுவேன். எங்கள் வீட்டு முன்னறையில் அம்மாவின் தறி இருக்கிறது. அது ஓடுகிறவரை எதை வேண்டுமானாலும் பேசலாம், நின்றால் அம்மா கேட்கிறாள் என்று பொருள். இதெல்லாம் என் மனத்தில் இருந்த பட்டியல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரி என்று குறி போட்டிருந்தேன்.

"உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?"

"அப்பா தாம்மா வந்தாரு. தரகரு சம்பள வெவரம் கேட்டாராம். ஸ்டேட்மெண்ட்டு எடுத்துக் குடுத்தேன்." அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். "இதோ பாரேன், உன் மெயில் தான்."

எனக்கு மறந்தே போயிருந்த மெயில். கல்லூரிக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போது இந்தக் கடையில் இந்த அண்ணனே உருவாக்கிக் கொடுத்தது, என் பெயருக்குப் பின்னால் காஞ்சி என்று ஒட்டவைத்து. கல்லூரியில் வங்கிக் கணக்கு தொடங்கியபோது அதைத்தான் கொடுத்தேன். பிறகு வேறு மெயில் வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் மாற்றினேன், வங்கியைத் தவிர. வங்கி தன் பாட்டுக்கு மாதாமாதம் அறிக்கையை இந்தக் கடைக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. திரையில் வரிவரியாக, அப்பாவுக்காகத் திறந்த ஒன்றைத் தவிர எதுவும் படிக்கப்படாமல், தடித்த எழுத்தில் நின்றன. வலது மூலையில், அந்தக் கணினியில் திறந்தே கிடக்கும் மெயில்களின் சின்னச் சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. என் வட்டத்துக்குக் கீழே எதிர்வீடு, பால்காரர் வீடு, என்னோடு படித்தவள். எங்கள் தெரு முழுக்க அந்த மூலையில் குடியிருந்தது.

"அது பூட்டின ஃபைலாச்சேண்ணா?"

"பூட்டுதான். ஆனா சாவி எதுன்னு அந்த மெயில்லயே எழுதியிருக்கானே. பேருல மொத நாலு எழுத்து, பொறந்த தேதி, மாசம். உன் ஜாதகத்த டைப் பண்ணதே நான் தான? தேதி எனக்குத் தெரியாதா? போட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "தொறக்கல" என்றார்.

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"அப்புறம் அப்பா தான் சொன்னாரு, அது ஜாதகத் தேதிப்பா, சர்டிபிகேட்ல வேறன்னு. அதப் போட்டதும் தொறந்துக்கிச்சு."

ஜாதகத்தில் நான் ஐப்பசியில் பிறந்தவள், சான்றிதழில் மே மாதத்தில். பள்ளியில் சேர்க்க வயது போதவில்லை என்று அப்பா முன்னால் தள்ளி எழுதிக் கொடுத்த தேதி அது. தரகர் கையில், வாலாஜா வீட்டில், இந்தக் கணினியில் என்று ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த தேதி என் பூட்டைத் திறக்கவில்லை. அப்பா உண்டாக்கிய தேதிதான் திறந்திருக்கிறது.

மெயிலின் கடவுச்சொல்லே எனக்கு நினைவில்லை. கேட்டேன்.

"உன் பேரு, அட்டு குறி, ஒன் டூ த்ரீ. எல்லாருக்கும் அதாம்மா வைப்பேன். அவங்க மறந்தாலும் நமக்கு மறக்காதுல்ல."

புதிய கடவுச்சொல்லை அவருடைய கீபோர்டில் அடிக்கக் கை வரவில்லை. என் போனில் மாற்றிவிட்டு, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்று அழுத்தினேன். அவர் மறுபடி திரையைத் தொட்டபோது என் பெட்டி மூடிக்கொண்டு கடவுச்சொல் கேட்டது.

"இன்னாம்மா இது, நான் என்னமோ திருடன் மாதிரி." அவருக்கு நிஜமாகவே வருத்தம். "நாளைக்கு அவசரமா ஒரு சர்டிபிகேட் வேணும்னா எங்க போவ?"

"உங்ககிட்ட தாண்ணா வருவேன்."

"அப்புறம்?"

நகலுக்குச் சில்லறையாகக் கொடுத்தேன். வண்டியை எடுக்கும்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "அந்த ஃபைல அப்பா வாட்ஸ்அப்புக்கும் போட்டு வுட்டிருக்கேன். தரகருக்கு அனுப்பணும்னு சொன்னாரு, அவருக்கு அனுப்பத் தெரியல. நீயே அனுப்பிக் குடுத்துடு."

அப்பாவின் கடை சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில். தண்ணீர் பாட்டில், கற்பூரம், குழந்தைகளுக்கான தொப்பி, பித்தளைப் பல்லி பதித்த சாவிக்கொத்து. நேராகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். நான் நேராகப் போகவில்லை. சந்தில் திரும்பினேன், அங்கே தெருவை அடைத்துக்கொண்டு தறிக்கான பாவு நூலை நீட்டியிருந்தார்கள், மறுபடி திரும்பி வந்தேன். போகிற வழியெல்லாம் மனம் வரிசை போட்டுக்கொண்டிருந்தது. மின்னஞ்சல் அறிக்கையை நிறுத்து. வங்கியில் மெயிலை மாற்று. அப்பா அனுப்பிவிட்டாரா என்று பார். அனுப்பியிருந்தால்? அந்த 'அனுப்பியிருந்தால்' என்ற வரிக்குக் கீழே எதையும் எழுத முடியவில்லை. சிக்னல் பச்சையாகி, பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் கால் தரையிலிருந்து எழுந்தது.

கடையில் கூட்டம். ஆந்திராவிலிருந்து ஒரு வேன் வந்து இறங்கியிருந்தது. அப்பா தெரிந்த தெலுங்கில் விலை சொல்லிக்கொண்டிருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில், பணம் வந்தால் சத்தம்போட்டுச் சொல்லும் டப்பா இருந்தது. அதன்மேல் வழக்கம்போல அவருடைய துண்டு நாலாக மடித்துப் போடப்பட்டிருந்தது. யாரோ போனைக் காட்டிப் பணம் அனுப்பினார்கள். துண்டுக்கு அடியிலிருந்து மூக்கடைத்தவர் பேசுவதுபோல ஒரு குரல் முனகியது.

எதிர்க்கடையில் பை விற்பவர் அங்கிருந்தே கத்தினார். "இன்னாப்பா, எவ்ளோ வந்துச்சாம்?"

"ஜலதோசம் புட்சிக்கிச்சு அதுக்கு. எனக்கே கேக்கல" என்றார் அப்பா.

வேன் கூட்டம் கோயில் பக்கம் நகர்ந்ததும் நான் உள்ளே போனேன். "ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேம்ப்பா."

அவர் முகத்தில் குற்ற உணர்வு எதுவும் இல்லை. பூரிப்புதான் இருந்தது. "பாத்தேம்மா. ஒரு வார்த்த சொல்லலியே நீ! எம்பொண்ணு இவ்ளோ சேத்து வச்சிருக்குதுன்னு அந்த ஜெராக்ஸ் பையன் எதுர்லயே எனக்கு கண்ணு கலங்கிப் போச்சு. இனிமே நகைக்கு லோனே வாணாம் போலருக்குதே."

"தரகருக்கு அனுப்பிட்டியா?"

"அனுப்பணும். நாளிக்கி காலைல போன் பண்றேன்னாரு. எங்க அமுக்கறதுன்னு தெரியல. உன்கிட்ட குடுக்கலாம்னா, நீ கேள்வி கேப்ப."

அனுப்பவில்லை. ரசீது கையில் இல்லாமலே சொல்லிவிட்டேன். பெங்களூர், ஒரு வருடம், மாதக் கடைசி. அந்தப் பணம் நகைக்கு இல்லை, அதுதான் அந்த ஒரு வருடம் என்று.

அப்பா கற்பூரப் பொட்டலங்களை அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார். "வேலைய வுட்டுட்டா?"

"ஆமாம்."

"என்கிட்ட சொல்லாமயே?"

"சொல்லத்தான் இருந்தேன். அதுக்குள்ள நீ என் கணக்கத் தொறந்து பாத்துட்ட. என்னைக் கேக்காம எப்படிப்பா தொறந்த?"

"எப்படி தொறந்தேன்னா? அந்தத் தேதிய வச்சதே நாந்தான?" குரல் உயர்ந்தது. பைக்காரர் எட்டிப் பார்த்தார். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் கோபம் அப்படியே இருந்தது. "ஏன், என் கணக்கு யாரு கைல இருக்குது? கடைல எவ்ளோ வந்துச்சின்னு சாயங்காலமானா உன் போன்ல பாக்கற. சரக்குக்காரனுக்கு நான் பணம் போடணும்னா உனக்கு போன் பண்ணி நம்பர் கேக்கணும். 'இன்னாப்பா இன்னிக்கி கம்மியா வந்துருக்குது'ன்னு நீ கேப்ப, நான் பதில் சொல்லணும். உன்னுத நான் ஒரு வாட்டி பாத்துட்டா மட்டும் தப்பா?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அப்பாவின் போனில் எல்லாவற்றையும் அமைத்தவள் நான். ரகசிய எண்ணைத் தேர்ந்தெடுத்தவளும் நான். அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன். ஜெராக்ஸ் கடை அண்ணனும் வசதிக்காகத்தான் செய்திருந்தார்.

ஆனாலும் விட மனமில்லை. "அப்ப அந்த டப்பா மேல ஏன்பா துண்டு போட்டு வச்சிருக்க?"

"எதுக்கால ஒருத்தன் எண்ணிகினே இருக்கறானே, அதுக்குத்தான்."

"எண்ணினா எண்ணிட்டுப் போறான். உன் காச அவன் எடுத்துக்கவா போறான்?"

"எடுக்கமாட்டான். எவ்ளோன்னு தெரிஞ்சா கைமாத்து கேப்பான். இல்லன்னா வாடகைக்காரன்கிட்ட சொல்லுவான்..." அப்பா பாதியில் நிறுத்திக்கொண்டார். துண்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "டீ குடிச்சிட்டு வரேன். கடைய பாத்துக்க" என்று இறங்கிப் போனார். போனைக் கல்லா மேலேயே வைத்துவிட்டுப் போனார். எப்போதும் அப்படித்தான் வைத்துவிட்டுப் போவார், யாராவது பணம் அனுப்பினால் நான் சரிபார்க்க.

போனின் பூட்டு எனக்குத் தெரியும். நான் வைத்ததுதான். திறந்தால் மேலேயே ஜெராக்ஸ் கடை, அதில் அந்தக் கோப்பு. அழுத்திப் பிடித்து அழித்துவிடலாம். அப்பா தேடினாலும் அகப்படாது. எப்படிப் போயிற்று என்று அவருக்குத் தெரியவும் வராது. போனைக் கையில் எடுத்தேன். கீழே வைத்தேன். ஒரு அம்மா தண்ணீர் பாட்டில் கேட்டார், கொடுத்தேன். மறுபடி எடுத்தேன். ஒரு நகல் போனால் போதுமா? இந்த வாட்ஸ்அப்பில் ஒன்று, ஜெராக்ஸ் கடைக் கணினியில் இறக்கிய கோப்பு ஒன்று, அச்சடித்த தாள் எங்கேயோ. எண்ணிப் பார்க்கும்போதே விரல் பூட்டில் பாதிக் கோடு போட்டிருந்தது. திரை அணையும்வரை அப்படியே பிடித்திருந்தேன். பிறகு போனைத் துண்டுக்கு அடியில், டப்பாவுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டேன்.

அப்பா எனக்கும் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தார். "அழிச்சிட்டியா?"

"இல்ல."

"ஏன்? உனக்குத் தெரியுமே. அதுக்குத்தான வச்சிட்டுப் போனேன்."

"உன் போன்பா அது."

அவர் துண்டைத் தூக்கிப் போனை எடுத்தார். "எங்க அமுக்கணும், சொல்லு."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் சொன்னேன். அழுத்திப் பிடி, விடாதே, மேலே குப்பைத்தொட்டி படம் வரும். முதலில் தவறிப்போய் யாருக்கோ அனுப்பும் பட்டியல் திறந்துவிட்டது. "பின்னால போ, பின்னால போ!" என்று கத்தினேன். "கத்தாதம்மா, கை ஆடுது" என்றார். இரண்டாவது முறை அழிந்தது. சட்டைப் பையிலிருந்து அச்சடித்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். வியர்வையில் நனைந்து மடிப்பில் கிழிந்திருந்தது.

"பாத்தத எப்படி அழிக்கறது?" என்று கேட்டார். கிண்டலா, நிஜமா என்று தெரியவில்லை. போனை என் பக்கம் நீட்டி, "எனக்கும் அந்த ரகசிய நம்பர மாத்திக் குடு" என்றார்.

மாற்றும் இடம்வரை திறந்து கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் கோயில் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பியும் அவருக்குப் போதவில்லை. டப்பா மேலிருந்த துண்டை எடுத்துப் போனையும் கையையும் சேர்த்து மூடிக்கொண்டு, உள்ளே தலையைக் குனிந்து அடித்தார். அந்த நேரம் பார்த்து யாரோ பணம் அனுப்ப, மூடாத டப்பா தெருவுக்கே கேட்கும்படி தொகையைச் சொன்னது.

"இப்ப கேட்டுச்சுபா!" என்றார் எதிர்க்கடைக்காரர்.

சாயங்காலம் வழக்கப்படி என் போனில் அப்பாவின் கணக்கைத் திறக்கப் போனேன். நாளெல்லாம் கடை எப்படி ஓடியது என்று பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. எண் கேட்டது. தெரியவில்லை. அவர் என்ன எண் வைத்திருப்பார் என்று யோசிக்கத் தொடங்கிய மனத்தை நிறுத்த வேண்டியிருந்தது. கடை தொடங்கிய வருடமா? என் ஐப்பசித் தேதியா? மறந்துவிட்டால் என்ன செய்வார்? எங்கேயாவது எழுதி வைத்திருப்பாரா? கேட்கக் கூடாது. மாடிக்குப் போனேன், இறங்கினேன். வங்கியில் மெயிலை மாற்றினேன். மின்னஞ்சல் அறிக்கையை நிறுத்தினேன். ஜெராக்ஸ் கடைக்குப் போன் செய்து, இறக்கிய கோப்பை அழிக்கச் சொன்னேன். "அழிச்சாச்சும்மா" என்றார். நம்ப வேண்டியதுதான், வேறு வழியில்லை.

முன்னறையில் அம்மா தறியை நிறுத்தியிருந்தாள். "பெங்களூருல குளிருமாமே" என்றாள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. "எவ்ளோ வச்சிருக்கறன்னு என்கிட்ட சொல்லாத. கேட்டா எங்க அக்காகிட்ட சொல்லிடுவேன்" என்றாள்.

மறுநாள் காலை தரகர் போன் செய்தார். அப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். போனை உள்ளங்கையில் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு, வீட்டுக்கே கேட்கும்படி.

"இன்னாபா, பொண்ணு சம்பள வெவரம் அனுப்பறேன்னியே? அவங்க கேக்கறாங்க. கைல எதுனா சேத்து வச்சிருக்குதாமா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கையில் காபியோடு நின்றுகொண்டிருந்தேன். தறி நின்றது.

"அது... இருங்க" என்றார். திரையில் விரலால் எங்கேயோ தேடி, ஸ்பீக்கரை அணைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அந்தப் பொத்தான் அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசலைத் தாண்டி மின்கம்பம் வரைக்கும் போய் முதுகைக் காட்டி நின்றார்.

அவர் கை அசைவது தெரிந்தது. தொகையைச் சொல்கிறாரா, வருடத்தைச் சொல்கிறாரா? ஒரு முறை சிரித்தார். ஒரு முறை வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். வாசற்படிவரை போனேன். அதைத் தாண்டினால் காதில் விழும். அங்கேயே நின்றேன். காபி ஆறிப்போனது.

திரும்பி வந்தவர் செருப்பை விட்டார். தரகர் என்ன சொன்னார் என்று சொல்லவில்லை.

"பணம் கட்டறது மாசக் கடைசின்னியே" என்றார். "கடைசி வரைக்கும் ஏன் இழுத்துகினு இருக்கற? நாளைக்கே கட்டிடு."

"சரிப்பா."

"ரசீது வந்தா காட்டு." பிறகு யோசித்து, "தொகை எழுதியிருந்தா அத மறைச்சிட்டுக் காட்டு" என்றார்.

உள்ளே தறி இன்னும் ஓடத் தொடங்கவில்லை.